வேன் தீர்மானம்

ஜூன் 29, சனி

பிரின்சிபால் ஞானசௌந்தரி மேடம் எழுதி வைக்கச் சொன்னதால எழுதுறேன். இல்லாட்டி, அஞ்சாம் வகுப்போட தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவளுக்கும் டைரிக்கும் என்ன பேச்சுவார்த்தை.

விஷயம் இதுதான். எங்க சமுதாயக் கல்லூரிக்கு ஒரு கவுன்சில் உண்டு. பிரின்சிபால் மேடம்தான் தலைவி. வாத்தியாருங்க உறுப்பினருங்க. பாடம் நடத்தாத ஆளுங்களுக்கும் அதுல ஒரு நாற்காலி இருக்கு. வாட்ச்மேன், வேன் டிரைவர், ஆபீஸ் கிளார்க், கூட்டிப் பெருக்குறவங்க, டீ போட்டு மணி அடிக்கிற நான், எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரே நாற்காலிதான். அதுல உட்கார ஒருத்தருக்கும் ஆசை கிடையாது. கூட்டம் வச்சா ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீணாப் போயிடும். அதனால பேரை எழுதிச் சொம்புல போட்டுக் குலுக்குவோம். இந்த வருசம் சண்முகக்கனின்னு வந்துட்டுது.

வாட்ச்மேன் கோயில்பிள்ளை அண்ணாச்சி, "வாத்தியாருங்க பாவம்"ன்னார்.

"ஏன் அண்ணாச்சி, நான் என்ன கடிக்கவா போறேன்?"

"கடிச்சா ஊசி போட்டுக்கிடலாம். நீ பேசுவ."

டிரைவர் லிங்கதுரை எப்பவும்போல வேன் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சார். அந்த ஆளுக்குச் சிரிப்பு மட்டும் தாராளம். பேச்சுன்னா எடுத்து வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா விடுவார்.

கூட்டத்துல நடக்குறதை மத்தவங்ககிட்ட வந்து சொல்லணுமாம், மறந்துடாம எழுதிக்கிடணுமாம். மேடம் குடுத்த டைரி போன வருசத்தது. கிழமை ஒண்ணும் ஒத்துவரலை. நானே அடிச்சு எழுதிக்கிடுறேன்.

ஜூலை 6, சனி

முதல் கூட்டம். பச்சைச் சேலை. நாற்காலி சுழலுது. கொஞ்சம் சுத்திப் பார்த்தேன், மேடம் பார்த்தாங்க, நிறுத்திட்டேன்.

கொசு மருந்து அடிக்கிறது பத்தி, மாவு மில்லு சத்தம் பத்தி, தையல் வகுப்புக்கு நூல் வாங்குறது பத்திப் பேசினாங்க. நாலு மணி ஆனதும் என் காலு தானா எழுந்திரிச்சு அடுப்புகிட்ட போயிடுச்சு. பழக்கம். டீ போட்டு, வடையை எடுத்து வச்சுக்கிட்டு உள்ள வந்தா, மேடம் எப்பவும் கடைசியில கேட்கிறதைக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. "எல்லாருக்கும் சம்மதந்தானே?"

டீ வந்தாக் கூட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். வாயில வடையை வச்சுக்கிட்டே எல்லாரும் தலையாட்டுவாங்க. தட்டைத் தூக்கிக்கிட்டு நானும் "சம்மதம், சம்மதம்"பேன். அது வருசக்கணக்கா நடக்குற விளையாட்டு. எல்லாரும் சிரிப்பாங்க.

இன்னைக்கும் சொன்னேன். யாரும் சிரிக்கலை. எழுதிக்கிட்டாங்க.

ஜூலை 8, திங்கள்

நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ஆயுத பூஜை லீவுக்கு அப்புறம் காலேஜ் வேன் கிடையாதாம். வித்துட்டுப் புதுசாக் கம்ப்யூட்டர் வாங்கப் போறாங்களாம். வேன் நிக்கிற ஷெட்டு வாட்ச்மேனுக்கு ரூம் ஆகுதாம். டிரைவர் வேலையும் அதோட முடியுது. கடைசி வரியில, அலுவலர் பிரதிநிதி உட்பட அனைவரும் ஏகமனதாகன்னு போட்டிருந்தது.

அலுவலர் பிரதிநிதின்னா நான்தான். நான் டீ போடப் போன நேரத்துல பேசி முடிச்சிருக்காங்க.

டிரைவர்கிட்ட போனேன். ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சிடலாம்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனேன். டயருக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருந்தவர் நிமிரலை.

"நீங்களும் சம்மதம்னு சொன்னீங்களாமே, கனியம்மா."

அவ்வளவுதான் சொன்னார்.

ஜூலை 9, செவ்வாய்

இன்னைக்கு ஸ்டாஃப் ரூமுக்குச் சர்க்கரை போடாத டீ போயிடுச்சு. எல்லாரும் முகத்தைச் சுளிச்சாங்க. சுகர் இருக்கிற தனுஷ்கோடி சார் மட்டும், ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்ல டீன்னார்.

ஜூலை 12, வெள்ளி

வேனுல வர்ற பிள்ளைங்க எல்லாம் கீழக்கரிசல் பக்கம். காலையில தீப்பெட்டி ஆபீசுல வேலை பார்த்துட்டு மத்தியானம் இங்க தையலோ நர்சிங்கோ படிக்க வருதுங்க. வகுப்பு முடியுறதுக்கு முன்னாடியே அந்த ஊருக்குக் கடைசி பஸ் போயிடும். வேன் நின்னா அதுங்களும் நின்னுடும்.

மாரீஸ்வரின்னு ஒரு பிள்ளை, நர்சிங் படிக்குது, கல்யாணமாகிக் குழந்தை இருக்கு. அடுப்படிக்கு வந்து, "அத்தை, நீங்களா இப்படிப் பண்ணினீங்கன்னு கேட்க வந்தேன். மூஞ்சியைப் பார்த்தா கேட்க முடியலை"ன்னுச்சு.

"ஏன், மூஞ்சிக்கு என்ன?"

"பவுடர் போடலை."

தனுஷ்கோடி சார்கிட்ட போய், மாத்தணும்னா என்ன பண்ணணும்னு கேட்டேன். அவர்தான் வேனை விக்கணும்னு சொன்னவர். அது அடிக்கடி ஒர்க்‌ஷாப்புக்குப் போகுது, பிள்ளைங்க உடைஞ்ச கீபோர்டுல டைப் அடிக்குதுங்கன்னு அவருக்கு வருத்தம். வருத்தத்துல தப்பு இல்லை. ஆனா மனுசன் நேர்மை. அடுத்த கூட்டத்துல முதல் வேலையா, போன கூட்டத்துல எழுதினது சரிதானான்னு கேட்பாங்க, அப்ப வாயைத் திறங்கன்னு அவரே சொல்லிக் குடுத்தார்.

"நீங்களே எனக்குச் சொல்லித் தர்றீங்களே சார்."

"நான் வாத்தியாரும்மா. வேற என்ன தெரியும்?"

ஆகஸ்ட் 3, சனி

மேடம் கேட்டாங்க, "போன கூட்டக் குறிப்பு, எல்லாருக்கும் சம்மதந்தானே?"

"இல்லை மேடம்."

எல்லாரும் திரும்பினாங்க. ஏசி மெக்கானிக் பிரிவு ஜெபராஜ் சார், "போன தடவை சத்தமா சொன்னீங்களே"ன்னார்.

"தட்டோட வர்றப்போ சொன்னேன் சார். அப்ப நான் டீக்காரி. இப்ப நாற்காலியில உட்கார்ந்து சொல்றேன்."

வேன் பேச்சு திரும்ப ஆரம்பிச்சது. கீழக்கரிசல் பிள்ளைங்க கதையைச் சொன்னேன். கம்ப்யூட்டர் கதையை அவங்க சொன்னாங்க. நாலு மணி தாண்டினதும் ஒவ்வொருத்தரா கதவைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. டீ வரலை. எப்படி வரும், போடுறவ இங்க உட்கார்ந்திருக்கா. டீ வராமக் கூட்டத்தை முடிக்க அவங்களுக்குத் தெரியலை. தையல் ரெஜினா டீச்சர் என் காதுல, "யக்கா, தலை வலிக்குது, எந்திரிங்க"ன்னாங்க. "எந்திரிச்சா ஏகமனதா ஆயிடும் டீச்சர், உட்காருங்க"ன்னேன்.

பேச்சுவாக்குல ஒண்ணு வெளிய வந்துச்சு. வேனை வாங்கப் போறது ஜெபராஜ் சாரோட மச்சினனாம். நான் விடலை. "சார், பொண்ணு வீட்டுக்காரங்களே நகைக்கு எடை போடலாமா?"ன்னு கேட்டேன். மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் படிச்சாங்க. ஒரு விஷயத்துல சம்பந்தப்பட்டவருக்குச் சொந்தக்காரங்க யாரும் அதுல ஓட்டுப் போடக் கூடாது, வெளிய போயிடணும். ஜெபராஜ் சார் முகம் சிவந்துட்டுது. எனக்கு அப்ப இருந்த சந்தோசத்துக்கு அளவே இல்லை.

அக்டோபர் கூட்டத்துல கையைத் தூக்கி ஓட்டெடுப்புன்னு முடிவாச்சு. அப்புறம்தான் டீ போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன்.

ரெஜினா டீச்சர் கணக்குப் பார்த்துச் சொன்னாங்க. ஜெபராஜ் சார் இல்லைன்னா ரெண்டு பக்கமும் சமம், சமமானா பழைய தீர்மானம்தான் செல்லும். அலுவலர் கையையும் சேர்த்தா வேன் தப்பிச்சுடும். அந்த ஒரு கையிலதான் எல்லாம் இருக்கு.

ஆகஸ்ட் 5, திங்கள்

டிரைவர் இன்னைக்குச் சிரிச்சார். மத்தபடி விசேசம் ஒண்ணும் இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

வேனுல எத்தனை பேர் வர்றாங்க, எந்த ரோடுன்னு நேர்ல பார்த்தாத்தானே கூட்டத்துல பேச முடியும். அதுக்காகத்தான் இன்னைக்கு அதுல போனேன். பின்னாடி இடம் இல்லை, முன்சீட்டுல உட்கார்ந்தேன்.

ஆள் ஓட்டுறப்போ பேசுறார். இத்தனை வருசமா எனக்குத் தெரியாது. கையில ஸ்டியரிங் இருந்தா நாக்கு கழண்டுடும்போல. பொஞ்சாதி போனதுல இருந்து தானே சமைக்கிறாராம். புளிக்குழம்பு வைக்க வரும், ரசம் மட்டும் கைக்கு அடங்கலைன்னார். ரசம் என்ன முரட்டுக் காளையா, அடங்குறதுக்குன்னு கேட்டேன். பின்னாடி பிள்ளைங்க கொல்லுன்னு சிரிச்சுதுங்க. வழியில வண்டியை நிறுத்தி ஒரு கொய்யாக்காய் வாங்கினார். ஒண்ணே ஒண்ணு. என்கிட்ட குடுத்தார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நேத்து சரியா பார்க்கலை. இன்னைக்கும் போனேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கோயில்பிள்ளை அண்ணாச்சி ஷெட்டைக் காலால அளந்துக்கிட்டு இருந்தார். கட்டில் இங்க, ஃபேன் அங்கன்னு எனக்குக் காட்டினார். வெயில்லயே கிடந்த மனுசன், ஆசை இருக்கத்தானே செய்யும். வேனை விக்கலைன்னா இவருக்கு ரூம் இல்லை. எனக்குச் சங்கடமாப் போச்சு.

"அண்ணாச்சி, வேன் இருக்கட்டுமேன்னுதான் நான் ஓட்டுப் போடுவேன். கோவிச்சுக்கிடாதீக."

"பிள்ளைங்களுக்காகவா?"

"வேற யாருக்காக?"

"அதைத்தான் நானும் கேட்கேன். கிளார்க் உனக்கு அண்ணாச்சி. நான் அண்ணாச்சி. தபால்காரன் அண்ணாச்சி. தண்ணி லாரிக்காரன்கூட அண்ணாச்சி. அவரை மட்டும் டிரைவர், டிரைவர்ங்குற."

வேலை அப்படி, வாயில அப்படி வந்துட்டுதுன்னு சொன்னேன். ஃபேனு எங்க மாட்டுவீகன்னு பேச்சை மாத்தினேன். அவர் அளக்குறதை விட்டுட்டு என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பரீட்சை நேரம். இந்த மாசம் கவுன்சில் கிடையாது. கேள்வித்தாள் கட்டுக்குக் காவல் இருந்தேன். மாரீஸ்வரி நல்லா எழுதியிருக்காளாம். சாயங்காலம் வேனுல போனேன். ரோட்டுல புதுசாப் பள்ளம் விழுந்திருக்குதான்னு பார்க்க.

செப்டம்பர் 28, சனி

எப்படி எழுதுறதுன்னு தெரியலை. நடந்தபடியே எழுதிடுறேன்.

பிள்ளைங்களை இறக்கிட்டுத் திரும்பி வர்றப்போ, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கனியம்மா, வேன் இருந்தாலும் போனாலும் கேட்கணும்னு இருந்தேன். நாம ரெண்டு பேரும் ரெண்டு வீட்டுல சோறு பொங்குறோம். ஒரே வீட்டுல பொங்கினா என்ன?"

நான் ரோட்டோரப் பனைமரத்தை எண்ணிக்கிட்டு வந்தேன். காலேஜ் வாசல் வந்ததும், "அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன்"ன்னு இறங்கி ஓடிட்டேன். போகும்போது கூடவே வேனுல வந்தவ எப்படி அடுப்புல பால் வச்சிருப்பா. அதை அவரும் யோசிச்சிருப்பார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

திருப்பூர்ல இருக்கிற என் மகளுக்குப் போன் போட்டேன். இழுத்து இழுத்துச் சொன்னேன். அவ அப்பா போய் வருசம் பல ஆச்சு, இருந்தாலும் மனசு கூசுச்சு.

"யாரு, கொய்யாக்காய் டிரைவரா?"

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"ஒரு மாசமா நீ போன்ல வேற என்னத்தைப் பேசின? சரின்னு சொல்லும்மா."

அப்பத்தான் எனக்கு உறைச்சது. சரின்னு சொன்னா நான் சொந்தக்காரி. சொந்தக்காரிக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லைன்னா வேன் இல்லை, பிள்ளைங்க இல்லை, அவர் வேலையும் இல்லை. ஜெபராஜ் சாருக்காக நான் எடுத்துக் குடுத்த விதி. மகளுக்கும் அதைச் சொன்னேன்.

"அப்ப சனிக்கிழமை வரைக்கும் சும்மா இரு. கூட்டம் முடிஞ்சு சொல்லு"ன்னா மக. கெட்டிக்காரி. என் வயித்துல பிறந்தவ.

அக்டோபர் 3, வியாழன்

சும்மா இருக்கிறதுன்னா என்னன்னு எனக்குப் பழக்கம் இல்லை. அவர் எதிரே வந்தா நான் அடுப்படிக்குப் போயிடுறேன். இன்னைக்கு அவரே அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"கேட்டது தப்புன்னா மன்னிச்சுக்கிடுங்க. திருப்பூர்ல ஒரு மில்லு பஸ் ஓட்டக் கூப்பிடுறாங்க. சனிக்கிழமை சொல்லணும். போயிடலாம்னு இருக்கேன்."

"சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுங்க"ன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு கேட்டார். ஏன்னு சொல்ல முடியலை. பாத்திரத்தைத் தேய்ச்ச தேய்ப்புல கரி மட்டும் இல்லை, ஈயமே போயிருக்கும்.

அக்டோபர் 5, சனி

இன்னைக்கு உள்ளதை முழுசா எழுதுறேன்.

வேன் விஷயம் வந்ததும் மேடம் கேட்டாங்க, "இதில் சொந்தம், சம்பந்தம் உள்ளவங்க யாராவது இருக்கீங்களா?" ஜெபராஜ் சார் எழுந்திரிச்சார். என்னைப் பார்த்து, "உங்க விதிதான்"ன்னு சிரிச்சுக்கிட்டே வெளிய போனார். மனுசன் முறுக்கிக்கிட்டுப் போவார்னு நினைச்சிருந்தேன். அவர் சிரிச்சது என்னவோ பண்ணிச்சு.

"வேற யாரும் இருக்கீங்களா?"

வாயை மூடிக்கிட்டு இருந்தா முடிஞ்சது. மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். மேடம் பேனாவைக் கையில எடுத்தாங்க.

"மேடம், ஒரு சந்தேகம். ஒருத்தர் ஒருத்தியைக் கட்டிக்கிடுறியான்னு கேட்டிருக்கார். அவ இன்னும் பதில் சொல்லலை. இது சொந்தத்துல சேருமா, சேராதா?"

"யார் கேட்டது?"

"டிரைவர்."

"யாரை?"

"என்னைத்தான்."

மேடம் பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. அப்புறம் வாத்தியாருங்களுக்கு உற்சாகம் வந்துட்டுது. கேட்டது மட்டும் சொந்தம் ஆகாதுன்னு ஒருத்தர். நிச்சயம் பண்ணினாத்தான் கணக்குன்னு ஒருத்தர். தனுஷ்கோடி சார் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "இது நிலுவையில் உள்ள விஷயம்"ன்னார். ரெஜினா டீச்சர், "என்ன பதில் சொல்லப் போறீங்கன்னு தெரிஞ்சா நாங்க முடிவு பண்ணிடலாமே யக்கா"ன்னாங்க.

"அவருகிட்டயே இன்னும் சொல்லலை டீச்சர். கவுன்சில்ல முதல்ல சொன்னா நல்லாவா இருக்கும்?"

மேடமே சிரிச்சுட்டாங்க. ஆனா சிரிச்சு முடிச்சுட்டு, ஓட்டுப் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நியாயம்தான். ஜெபராஜ் சாருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு இருக்க முடியாது.

எழுந்திரிச்சேன். கதவுகிட்ட போனதும் ஒண்ணு தோணுச்சு. "மேடம், நான் போறேன். நாற்காலி என்னோடது இல்லையே. எங்க ஆளுங்களோடது. வேற ஒருத்தர் வந்து உட்காரலாமா?" விதிப் புத்தகத்தைப் பார்த்தாங்க. பிரதிநிதி வர முடியாதப்போ அலுவலர்கள் வேற ஆளை அனுப்பலாம்னு இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம். கிளார்க், பெருக்குறவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. காலேஜுல எங்க ஆளுன்னு இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் டிரைவர். இன்னொருத்தர் கோயில்பிள்ளை அண்ணாச்சி. அவருக்குத்தான் வேன் போனா ரூம்.

வாசல் கேட்டுகிட்ட போய் அண்ணாச்சியை எழுப்பினேன். விவரத்தைச் சொன்னேன். கெஞ்சலாம்னு நினைச்சேன், வாய் வரலை. "உங்க இஷ்டப்படி போடுங்க அண்ணாச்சி"ன்னேன். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கிட்டு, "என் இஷ்டப்படிதான் போடுவேன். நீ யாரு சொல்றதுக்கு?"ன்னுட்டு உள்ள போனார்.

வராந்தாவுல நானும் ஜெபராஜ் சாரும் நின்னோம்.

"எனக்கு மச்சினன். உங்களுக்கு என்ன?"ன்னு கேட்டார்.

"எனக்கு நிலுவை சார்."

புரியலை அவருக்கு. புரிய வச்சேன். ரொம்ப நேரம் சிரிச்சார். அப்புறம், "வேன் இஞ்சின் நல்ல இஞ்சின். இன்னும் நிறைய வருசம் ஓடும். அதான் என் மச்சினன் கேட்டான்"ன்னார்.

"இதை உள்ள போய்ச் சொல்லக் கூடாதா சார்?"

"நான்தான் வெளிய இருக்கேனே."

கதவு திறந்துச்சு. கோயில்பிள்ளை அண்ணாச்சி மட்டும் வந்தார். வேணும்னே மெதுவா வந்தார். இத்தனை வருசம் நான் அவரைக் கேலி பண்ணினதுக்கெல்லாம் சேர்த்து அந்த நடையிலயே தீர்த்துக்கிட்டார்.

"இருக்கு"ன்னார்.

"எது அண்ணாச்சி?"

"வேன்தான்."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "உங்க ரூமு?"

"இப்பவும் பகல்ல வேனுக்குள்ளதான் தூங்குறேன். சீட்டு மெத்து மெத்துன்னு இருக்கும். அதை வித்துட்டா நான் எங்க போக?"ன்னுட்டு கேட்டுப் பக்கம் திரும்பிப் போயிட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கலை.

வேன் கிளம்பத் தயாரா நின்னுச்சு. பிள்ளைங்க எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்துச்சு. அவர் வெளிய நின்னார், கையில போன். திருப்பூருக்குப் பேசப் போறார்னு தெரிஞ்சது.

"வேன் இருக்கு. மில்லுக்காரங்ககிட்ட வரலைன்னு சொல்லிடுங்க"ன்னேன்.

"சரி. நான் கேட்டதுக்கு?"

"அதை ஏன் கேட்குறீக. உங்க விஷயத்துல எனக்கு ஓட்டுக் கிடையாதாம். கவுன்சில்ல முடிவாயிட்டுது."

போனைச் சட்டைப் பையில போட்டார். அப்புறம் ஜன்னல் வழியா வேனுக்குள்ள எட்டிப் பார்த்து, "கனியம்மாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். சம்மதம்னா கையைத் தூக்குங்க"ன்னார்.

எல்லாக் கையும் மேல போயிடுச்சு. மாரீஸ்வரி ரெண்டு கையையும் தூக்கினா. தூரத்துல கேட்டுகிட்ட கோயில்பிள்ளை அண்ணாச்சியோட கையும் தெரிஞ்சது.

நான் தூக்கலை. விதின்னா விதிதான். சேலையை ஒதுக்கிக்கிட்டு முன்சீட்டுல ஏறி உட்கார்ந்துக்கிட்டேன்.